தை ஐந்துக்கு விட்ட தண்ணீர்

விலாங்குமேட்டுத் தடுப்பணையில் ஆறு ஷட்டர்கள். அதில் இரண்டை மட்டும் தை நாலாம் தேதி பகல் ஒரு மணிக்குத் திறப்பது, ஐந்தாம் தேதி பொழுது சாய மூடிவிடுவது என்று காகிதம் எழுதியபோது, கடைசியாக மையில் கட்டைவிரலை அழுத்தியவன் பக்கிரி. கையெழுத்துப் போட அவனுக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் பார்க்கப் பேனா பிடிக்கக் கூச்சமாக இருந்தது. காகிதத்தை எழுதிய பெண் அதைப் புரிந்துகொண்டு, "ரேகையே போதும் மாமா" என்று மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்திவிட்டாள். அவள் பெயர் அனுப்பிரியா. கடலூரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள்.

மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கிழக்கே, பெண்ணையாற்றின் தென்கரையில் இருக்கிறது விலாங்குமேடு. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் வண்டியேறி ஆற்றுக்கு வரும். சாமிக்குப் பின்னால் சனம் வரும். ராட்டினம், பலூன், சுருளிக்கிழங்கு, முறம் அகல அப்பளம் எல்லாம் இருக்கும். தண்ணீர் மட்டும் இருக்காது. அணைக்கு மேலே தேங்குகிற தண்ணீர் வாய்க்காலில் திரும்பி வயலுக்குப் போய்விடும். அணைக்குக் கீழே வெறும் மணல்.

2007-ல் திருவிழாவுக்கு வந்த இளவட்டங்கள் பூட்டை உடைத்து ஆறு ஷட்டரையும் தூக்கிவிட்டார்கள். ஆற்றுக்குள் வெள்ளரி போட்டிருந்தவர்களின் பாத்திகள் ஒரு மணி நேரத்தில் அடித்துக்கொண்டு போயின. வயல்காரர்கள் தடியோடு வந்தார்கள். மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. ஒருவனுக்கு ஒரு கண் போனது. மறு வருஷம் போலீஸ் காவலில் திருவிழா நடந்தது. சாமி குளிக்க டேங்கரில் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் அந்த ஈரமணலில் கால் நனைக்க ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் கொளஞ்சியம்மாள் பேச்சை எடுத்தாள். ஆற்றுக்குள் வெள்ளரியும் கீரையும் போடுகிற பதினோரு குடும்பங்களுக்கு அவள்தான் வாய். பாத்தி போய் அதிகம் நஷ்டப்பட்டவளும் அவளே. அனுப்பிரியாவின் அம்மா. புருஷன் போன பிறகு மகளை அந்த ஆற்று மணலை வைத்தே படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"வருஷத்துல ஒரு நாளு சனம் தண்ணியில ஆடணும்னு ஆசப்படுது. அது ஒண்ணும் பாவமில்ல. யாருக்கும் கெடுதி இல்லாம விட முடியுமா முடியாதா, அத மட்டும் பேசுங்க" என்றாள்.

வாய்க்கால் பாசன விவசாயிகளின் தலைவர் திருநாவுக்கரசு முதலில் முடியாது என்றார். பிறகு தங்கள் வயலுக்கு வரவேண்டிய ஒரு முறைத் தண்ணீரை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். வெள்ளரிக்காரர்கள் பாத்தியைச் சுற்றி மணல் கரை போட்டுக்கொள்வார்கள். திருவிழாக் குழு பூட்டில் கை வைக்காது. ஷட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் தட்சிணாமூர்த்தி மேலே எழுதி அனுமதி வாங்கி, குறித்த நேரத்தில் திறப்பார். மாட்டுவண்டியில் மணல் அள்ளுகிறவர்கள் பதினெட்டுப் பேர். அவர்கள் அணைக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கு மண்வெட்டியே போடக்கூடாது, பழைய பள்ளமிருந்தால் தண்ணீர் விடுவதற்கு முன் தூர்த்துவிட வேண்டும். அந்தப் பதினெட்டுப் பேருக்காகத்தான் பக்கிரியின் ரேகை.

2009-ல் முதல் தடவை தண்ணீர் விட்டார்கள். முழங்கால் அளவு. தடியெடுத்து அடித்துக்கொண்ட ஆட்களே அன்றைக்கு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்தார்கள். திருநாவுக்கரசு அறுபது வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்று நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பாத்தியும் போகவில்லை. பக்கிரியும் தன் இரண்டு மாடுகளைக் கொண்டுவந்து தண்ணீரில் நிறுத்தித் தேய்த்துவிட்டான். எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்தோம் என்று அவனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகத் தோன்றியது.

அடுத்த வருஷம் மார்கழிக் கடைசியில் அவனுடைய வலது மாட்டுக்குக் குளம்பில் புண். அனுமதி இருந்த இடம் கிழக்கே இரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் மாடு இழுக்காது. அந்த நேரம் பார்த்துத் தங்கை இருசம்மாள் வீட்டுக்குத் தளம் போட நாள் குறித்திருந்தாள். கொத்தனார் கிடைப்பதே கஷ்டம், மணல் வரவில்லையென்றால் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

"அண்ணே, போகிக்குள்ள மணலு வந்துடுமில்ல?" என்று தினமும் போன் போட்டாள்.

போகிக்கு முந்தின மூன்று நாள், விடிகிற நேரத்தில், அணையிலிருந்து அரைக் கிலோமீட்டர் கீழே நாணல் புதர் மறைவில் பக்கிரி மண்வெட்டி போட்டான். பன்னிரண்டு வண்டி நடை. ஒரே இடத்தில் கீழே கீழே தோண்டினான். அகலமாகத் தோண்டினால் கண்ணில் படும். மூன்றாம் நாள் அவன் உள்ளே நின்றபோது மேலே கரை தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது.

"எங்க அள்ளின?" என்று கேட்டாள் அவன் மனைவி செல்லாயி.

"கெழக்கதான்."

"மாடு அவ்ளோ தூரம் நடந்துதா?"

பொங்கல் கழிந்ததும் தூர்த்துவிடலாம் என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று மூன்று நாளும் போயின.

நாலாம் தேதி காலையில் மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கினான். இரண்டு மணி நேர வேலை என்று கணக்குப் போட்டிருந்தான். நாணல் புதரை நெருங்கியபோது பேச்சுக் குரல் கேட்டது. வெள்ளரிக்காரர்கள் பதினைந்து இருபது பேர் பாத்திகளுக்கு மணல் கரை போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளத்துக்கும் அவர்களுக்கும் ஐம்பது அடி தூரம் இருந்தால் அதிகம். நடுவில் நாணல் மட்டும்தான் மறைத்தது.

கொளஞ்சியம்மாள் அவனைப் பார்த்துவிட்டாள். "இன்னா தம்பி, மம்மட்டியோட? எங்களுக்கு ஒத்தாசைக்கு வந்தியா?"

"பள்ளம் கிள்ளம் இருக்குதான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேங்க்கா."

"இருக்குதா?"

"இல்லக்கா."

அந்த ஒரு சொல் தானாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் எதிரில் பள்ளத்தைத் தூர்க்க அவனால் முடியவில்லை. அவர்களோடு சேர்ந்து கொஞ்ச நேரம் கரை போட்டான். அவர்கள் போகட்டும், போனதும் தூர்த்துவிடலாம் என்று காத்திருந்தான். அவர்களோ சாப்பாட்டைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவனுக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் கரையேறியபோது ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம்தான் பாக்கி. நாலு மண்வெட்டி மணல்தான் தள்ளியிருப்பான், மேற்கே ஷட்டர் கிறீச்சிடுவது கேட்டது. தட்சிணாமூர்த்தி ஒரு நிமிஷம் முந்தவும் மாட்டார், பிந்தவும் மாட்டார். வெண்ணுரையாக வந்த தண்ணீர் பள்ளத்தில் விழுந்தது, நிரம்பியது, மேலே சமமாக ஓடியது. அதற்குப் பிறகு பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலவே இருந்தது.

அப்போதாவது ஒரு கொம்பை நட்டு சிவப்புத் துணி கட்டியிருக்கலாம். தட்சிணாமூர்த்தியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் ஷட்டரை மூடியிருப்பார். கொம்புகூட வெட்டிவிட்டான். யார் நட்டது, ஏன் நட்டது என்று கேட்பார்களே என்று கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ராட்டினமும் கடைகளும் அந்தக் கோடியில்தானே, இங்கே யார் வரப்போகிறார்கள் என்று கடைசியில் கொம்பைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். சாமிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பக்கிரி செல்லாயியோடு கிழங்குக் கடையருகே நின்றிருந்தான். மேற்கிலிருந்து இரண்டு பெண்கள் தலைவிரி கோலமாகத் தண்ணீரில் விழுந்தெழுந்து ஓடிவந்தார்கள். அனுப்பிரியாவோடு கல்லூரியில் படிக்கிறவர்கள், திருவிழாவுக்கு விருந்தாக வந்தவர்கள். தங்கள் பாத்தியைக் காட்டுகிறேன் என்று அவள்தான் அழைத்துப் போயிருக்கிறாள். முன்னால் நடந்தவள், திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தவள், இருந்த இடத்தில் இல்லை.

"தண்ணி இழுத்துக்கினு போயிடுச்சி!" என்று யாரோ கத்தினார்கள். திருநாவுக்கரசு இருபது ஆட்களைக் கைகோக்க வைத்து ஆற்றின் குறுக்கே நிறுத்தினார். இழுத்துப் போனால் கிழக்கேதானே வரவேண்டும், எல்லோரும் கிழக்கே தேடினார்கள்.

பக்கிரி மட்டும் மேற்கே ஓடினான். செல்லாயி கையிலிருந்த கிழங்குப் பொட்டலம் அவன் தட்டிவிட்டதில் தண்ணீரில் விழுந்தது. அவன் நாணல் புதரைக் குறிவைத்து ஓடினான், புதருக்கு இடப்பக்கம் ஏழெட்டு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகுப்புற விழுந்தான். முதல் முறை கலங்கல்தான் தெரிந்தது. இரண்டாம் முறை பள்ளத்து விளிம்பு சரிந்து அவன் முதுகில் விழுந்தது. மூன்றாம் முறை துப்பட்டா கையில் சிக்கியது. இடுப்புவரை மணல் அவளை மூடியிருந்தது. கையாலேயே பறித்தெடுத்தான்.

கரையில் கிடத்தியபோது அவள் கண் திறந்திருந்தது. நெல்லிக்குப்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிரயோசனமில்லை என்று அங்கே போகிற முன்பே எல்லோருக்கும் தெரியும்.

அன்று பக்கிரியை ஊரே தூக்கி வைத்துக்கொண்டது. ஒருவர் துண்டு போர்த்தினார், ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். பேப்பர்க்காரன் பெயர் கேட்டு எழுதிக்கொண்டான். உயிரைப் பணயம் வைத்து உடலை மீட்ட மாட்டுவண்டித் தொழிலாளி என்று மறுநாள் படத்தோடு வந்தது. "பழைய மடு ஒண்ணு இருந்திருக்குது, யாருக்கும் தெரியல" என்றார் திருநாவுக்கரசு. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. பக்கிரி டீயைக் குடித்தான். குடிக்காமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று குடித்தான்.

அன்று சாயங்காலம் செல்லாயி கதவைச் சாத்திக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "கெழக்க அள்ளலையில்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள்: "யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா அந்தப் பொண்ணு திரும்பி வந்துடுமா? நமக்கும் ரெண்டு இருக்குது."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பக்கிரி ஆற்றைக் கடந்து போனபோது, கொளஞ்சியம்மாள் குடத்தோடு வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொடி பூ விட்டிருந்தது. அவன் பார்க்காததுபோல் நடந்தான்.

"நில்லு" என்றாள்.

நின்றான்.

"அன்னிக்கி ஊரே கீழ ஓடிச்சி. நீ மட்டும் மேல ஓடின. நான் கரையிலேருந்து பாத்துக்கினு இருந்தேன். ஒரு எடத்துலயும் தேடல நீ. நேரா போயி வுழுந்த."

தற்செயல்தான் என்று சொல்லலாம். கூட வந்த பெண்கள் கை காட்டினார்கள் என்று சொல்லலாம். பதில்களையெல்லாம் மூன்று வாரமாக அவன் தயார் செய்தே வைத்திருந்தான்.

"நான் வெட்டின பள்ளங்க்கா அது" என்றான்.

அவள் குடத்திலிருந்த தண்ணீரை மிச்சமில்லாமல் ஊற்றி முடித்தாள். அடுத்த பாத்திக்குப் போனாள். ஊற்றுக்குழியில் இன்னொரு குடம் மொண்டு வந்தாள். அவன் அங்கேயே நின்றான். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் தேவலை என்றிருந்தது.

"எங்கூடதான ஒக்காந்து சோறு தின்ன" என்றாள் கடைசியில். "பள்ளம் இருக்குதான்னு நானே கேட்டேனே. இருக்குதுன்னு சொல்லியிருந்தா இன்னா செஞ்சிருப்போம்? பதினஞ்சு பேரு மம்மட்டியோட நின்னோம். அர மணி நேரத்துல தூத்திருப்போம். ரெண்டு வார்த்த திட்டியிருப்போம்."

அவன் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவள் அழவில்லை.

"எங்கிட்ட அழுவாத. ரேகை வெச்ச கூட்டத்துல சொல்லு, போ."

அதற்குப் பிறகு அவள் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

பக்கிரி கூட்டத்தில் சொன்னான். துண்டு போர்த்தியவரே முதலில் செருப்பைக் கழற்றினார். மற்ற பதினேழு வண்டிக்காரர்கள் எல்லோரையும்விட அதிகமாக ஆத்திரப்பட்டார்கள். அவனால் தங்களுக்கும் அனுமதி போய்விடும் என்று பயந்தார்கள், நான்கு மாதம் போகவும் செய்தது. ஸ்டேஷனுக்கு அவனே நடந்துபோய்ச் சொன்னான். பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. மாடுகளை விற்றுவிட்டு நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போனான். தங்கை வீட்டுத் தளம் போட்டு முடிந்து கிரகப்பிரவேசமும் நடந்தது. அவன் போகவில்லை. அந்த வீட்டு வாசலை மிதிக்க அவனால் முடியவில்லை.

அடுத்த மார்கழியில் மறுபடி கூட்டம் போட்டார்கள். "இனிமே தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் திருநாவுக்கரசு. பெரும்பாலோர் தலையாட்டினார்கள். காகிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். அது அனுப்பிரியா கையெழுத்தில் இருந்ததால் யாரும் கிழிக்கவில்லை.

கொளஞ்சியம்மாள் எழுந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நீங்க வுடலன்னா திருவிழாவுக்கு வர்றவன் பூட்ட ஒடைப்பான். முன்ன ஒரு தடவ ஒடைக்கலியா? அப்ப ஆத்துல எங்க பள்ளம் இருக்குதுன்னு யாரு பாப்பாங்க? விடுங்க. ஆனா எவன் சொல்லையும் நம்பாதீங்க, ரேகையையும் நம்பாதீங்க. நாலாந்தேதி காலையில வயல்காரங்க, வண்டிக்காரங்க, நாங்க, விழாக்காரங்க எல்லாரும் ஆளுக்கொரு மூங்கில் கழியோட வரிசையா நிக்கணும். அணையிலேருந்து ஒரு கிலோமீட்டரு ஒரு அடி விடாம குத்திப் பாத்துக்கினே நடக்கணும். நடந்து முடிச்சி நான் சொன்னப்புறம்தான் லஸ்கரு ஷட்டருல கை வைக்கணும்." திருநாவுக்கரசு பக்கம் திரும்பினாள். "பக்கிரியக் கூப்புடுங்க. அவன் முன்னால நடக்கட்டும்."

"அவனா? எதுக்கும்மா?" என்றார் திருநாவுக்கரசு.

"எங்க வெட்டினா கண்ணுக்குத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும்."

நாலாம் தேதி காலை எழுபது பேர் ஆற்றின் குறுக்கே வரிசையாக நின்றார்கள். பக்கிரி பத்தடி முன்னால் நடந்தான். யாரும் அவனோடு பேசவில்லை. நாணல் புதரண்டை அவன் கால் தடுமாறியது, நிற்காமல் நடந்தான். அங்கே ஒன்றுமில்லை. அதைத் தாண்டி ஒரு இருநூறு அடியில், கரையோரம், வேலிக்காத்தான் நிழல் விழுகிற இடத்தில் நின்றுவிட்டான். மேலே காய்ந்த மட்டைகள் பரப்பிக் கிடந்தன. கழியால் குத்தினான். கழி பாதிக்குமேல் இறங்கியது.

மட்டையை விலக்கிப் பார்த்தார்கள். புதுப் பள்ளம். மண்வெட்டித் தடம்கூட மறையவில்லை.

கொளஞ்சியம்மாள் விளிம்பில் வந்து நின்று உள்ளே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பக்கிரிக்குத் தைரியமில்லை. திரும்பி வண்டிக்காரர்களைப் பார்த்தான். பதினாறு பேர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும், கார்த்திகேசன், கையிலிருந்த கழியின் கணுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைப் பக்கிரிக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷத்துக்கு முன்னால் வெட்டின கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவனும் அப்படித்தான் நின்றான்.

அவனருகே போனான். "சொல்லிடுறா மச்சான்" என்றான் மெதுவாக. "இப்ப சொன்னா திட்டுதான். நாளைக்கின்னா பொணம்."

கார்த்திகேசன் கழியைக் கீழே போட்டான். "நாந்தான்" என்றான், பள்ளத்தைப் பார்த்தபடியே. "நேத்தே தூத்துடணும்னுதான் இருந்தேன்."

திருநாவுக்கரசு அவனை ஓங்கி ஓர் அறை விட்டார். இரண்டு பேர் சட்டையைப் பிடித்தார்கள். "அடிக்கறத அப்புறம் வெச்சிக்கங்க" என்று கொளஞ்சியம்மாள் கத்தினாள். "மம்மட்டி எடுங்க."

எழுபது பேரும் தூர்த்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தூர்த்த மணல்மேல் கொளஞ்சியம்மாள் வெறுங்காலோடு ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குதிகாலால் அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டு நடந்தாள். மறுபடி ஒரு முறை நடந்தாள். மூன்றாம் முறையும் நடந்தபோது திருநாவுக்கரசு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் மிச்சத் தூரத்தையும் வரிசையோடு நடந்து முடித்துவிட்டு, கரையேறி, தட்சிணாமூர்த்தியைப் பார்த்துத் "தொறங்க" என்றாள். தண்ணீர் வருவதைப் பார்க்க அவள் நிற்கவில்லை.

மறுநாள் திருவிழாவுக்கும் அவள் வரவில்லை. பக்கிரி காலை ஆறு மணிக்கே வந்து, நேற்றுத் தூர்த்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டான். சனம் வந்தது. சாமிகள் குளித்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். போட்டோ எடுக்க வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றது. அவன் தள்ளி நின்றான். அவர்கள் போனதும் பழைய இடத்துக்கே வந்தான். பொழுது சாய்ந்து ஷட்டரை இறக்கி, தண்ணீர் வடிந்து, கடைசிப் பிள்ளையும் கரையேறுகிறவரை அவன் அங்கேயே நின்றிருந்தான். பிறகு வீட்டுக்குப் போகிற வழியில் கொளஞ்சியம்மாள் வாசலில் நின்று, "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலங்க்கா" என்றான். உள்ளே விளக்கு எரிந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு கணம் நின்றது, மறுபடி கேட்டது. அவன் சற்று நேரம் நின்றுவிட்டு நடந்தான்.